குப்பிக்குள் இருந்தது

வஞ்சுளவல்லி வீட்டு மாவடு நன்றாக இருக்கும், டீச்சர். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கென்று தினமும் இரண்டு கொண்டுவருவாள். வஞ்சுளவல்லி எங்கே இருந்தாலும் பக்கத்தில் இந்தச் சண்முகத்தாய் இருப்பாள் என்று நம் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

போன வருஷம் வதனி வந்து சேர்ந்தாள். மன்னாரில் சண்டை முற்றிப் படகேறி வந்த குடும்பம். அம்மா, அண்ணன், அவள். மம்சாபுரம் போகிற வழியில் முகாமில் இருந்தார்கள். ஷெல் பட்டதில் அண்ணனுக்கு ஒரு கால் இழுக்கும். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் நூல் கோன் அடுக்கிக்கொண்டிருந்தார்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது உங்களுக்கே தெரியும். ஆவுடையம்மாளின் சித்தப்பா அமைதிப்படையில் போய் யாழ்ப்பாணத்தில் செத்தவர். "ஏட்டி, இவ ஆளுகதான எங்க சித்தப்பாவக் கொன்னது" என்று அவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் வதனியின் பேச்சைக் கேட்பதற்காகவே சுற்றி உட்கார்ந்தார்கள். நான் எந்தப் பக்கமும் இல்லை. எனக்கு அரசியல் தெரியாது. மாவடு ஒன்றாகக் குறைந்தது மட்டும் தெரியும்.

வதனி நல்ல பெண். அதை மறைக்க மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் முகாமுக்குக் கூட்டிப்போனாள். அவள் அண்ணன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னக் கண்ணாடிக் குப்பி தொங்கியது. நான் உற்றுப் பார்த்ததும் வதனி சிரித்தாள்.

"பயப்பிடாதேங்கோ. மடு மாதா கோயில் மண் அது. பாம்பு தீண்டினா பூசுறது. அம்மா கட்டிவிட்டவ. ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ, பிழையா நினைப்பினம்."

அண்ணன் மூடியைத் திறந்து என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக் காட்டினார். மண்தான். சிந்தாமல் திருப்பிப் போட்டேன்.

இந்த மே மாதம் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது வதனியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்திகூட மிச்சமில்லை. வஞ்சுளவல்லியும் என்னிடம் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நேரே வதனியிடம் போனாள்.

"நீயும் வாயேன்டீ. அவளுக்கு இப்போ யாரு இருக்கா?" என்றாள்.

அன்றைக்கு இரண்டு மாவடுவும் வதனியின் டிபன் பாக்ஸ் மூடியில் இருந்தன.

சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டையா உட்காரச் சொன்னார். முகாமில் கழுத்தில் குப்பி கட்டிய ஒருவரைப் பார்த்தேன் என்றேன்.

"குப்பிக்குள்ள என்னம்மா இருந்துச்சு?"

"எனக்கு என்னய்யா தெரியும், நான் படிக்கிற புள்ள."

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். கழுத்துக் குப்பி என்றால் விஷம் என்று பேப்பரில் தினமும் வந்துகொண்டிருந்தது. நான் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜீப்பைப் பார்த்ததும் அவர் ஓடியிருக்கிறார். ஓடாமல் இருந்திருக்கலாம். இழுக்கிற காலோடு தோப்புக்குள் ஓடி, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுந்துவிட்டார். மேலே தூக்கியபோது குப்பி உடையாமல் இருந்ததாம். திறந்து பார்த்தார்களாம்.

துக்கத்துக்கு நானும் போனேன், டீச்சர். வதனியின் அம்மாவுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தேன். வதனி என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். குப்பி விஷயம் வெளியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். வேறு முகாமுக்கு மாற்றிக் கொண்டுபோவதற்கு முன்னால் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள்.

ஆமாம், நான்தான் சொன்னேன். மண் என்று தெரிந்தே சொன்னேன். அவர் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. அவர்கள் இந்த ஊரில் இல்லாமல் போனால் போதும் என்றிருந்தது.

பொறாமை என்கிறீர்கள். அப்படி எனக்கு ஒன்றும் இல்லை. வஞ்சுளவல்லி இப்போது என்னோடு பேசுவதில்லை, நம் வகுப்புக் கிருபாபாயோடு சாப்பிடுகிறாள். சாப்பிடட்டும். கிருபாபாயின் மாமா இராமேஸ்வரத்தில் சொந்தப் படகு வைத்திருக்கிறார். ராத்திரியில்தான் கடலுக்குப் போவாராம். ஏட்டையாவுக்கு அது தெரியுமோ என்னவோ.