கள்ளிக்குத் தண்ணீர் விடும் முறை

கள்ளி வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சும்மா இருக்கத் தெரிந்தால் போதும். இதைச் சொல்ல என் கணவருக்கு மைக் முன்னால் முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். கள்ளி வளர்ப்போர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை என்பதால் நிரந்தரம். "கள்ளி செடியல்ல, ஒழுக்கம்" என்று தொடங்குவார். உறுப்பினர்கள் டீ வரும் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் விஷயம் தெரிந்தவர், மறுக்க மாட்டேன். முள் என்பது இலைதான், தண்ணீர் வீணாகாதபடி ஒடுங்கிப்போனது என்பார். மேல்மண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. தொட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கனத்தால் தண்ணீர் வேண்டாம். குளிர்காலத்தில் உடம்பு சுருங்கும், வரிகள் உள்ளே மடங்கும். பயப்படக் கூடாது, அது ஓய்வு. பாவம் பார்த்து ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

நான் ஒருமுறை பாவம் பார்த்துவிட்டேன். மொட்டைமாடியில் அவர் விதையிலிருந்து வளர்த்த உருண்டைக் கள்ளி. வெளியே பச்சையாகத்தான் இருந்தது. முள்ளுக்கு நடுவே தொட்டால் விரல் உள்ளே போயிற்று. அடுத்த கூட்டத்தில் அந்தத் தொட்டியை மேஜைமேல் வைத்து, முன்வரிசையில் இருந்த என்னைக் காட்டினார்.

"கொலைகாரிய வெளியில தேடாதீங்க, என் வீட்டுலயே இருக்கா. இவ கைக்கு பிளாஸ்டிக் செடிதான் லாயக்கு. அதுவும் அழுகிடும்."

நல்ல கைதட்டல். நானும் தட்டினேன்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அத்தனை பேச்சில் "தண்ணி" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

நான் முறைப்படி செய்தேன். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்குவேன். கனத்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. பெரும்பாலும் கனமாகத்தான் இருந்தார்.

புதிதாக வந்த நர்ஸ் பெண் அவர் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

"ஏம்மா, சார் நாக்கு அட்டையா காஞ்சிருக்கே. தண்ணி குடுக்குறீங்களா இல்லையா?"

"குடுக்காம இருப்பேனா? அவருக்கு ஓய்வுதாம்மா முக்கியம்."

"என்னத்த ஓய்வு? இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேருங்க."

"சாயங்காலம் பையன் வந்துடுவான். சேர்த்துடறோம்."

எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. மறுநாள் அவளுக்குப் போன் செய்து, சேர்த்துவிட்டோம், இனி வர வேண்டாம் என்றேன். "அப்பாடா, நல்ல வேளைம்மா" என்றாள். தங்கமான பெண்.

அவருக்கு நினைவு இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. அந்தப் போனை அவர் பக்கத்தில் நின்றுதான் பேசினேன். நன்றாக இருந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். வேலை செய்த அலுப்பில் எனக்குத் தாகமாக இருந்தது. ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து, கட்டிலோரம் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தேன். அவர் வாய் திறந்து திறந்து மூடியது. அப்போது கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பார், அது எனக்குத் தெரியும். மிச்சத்தை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு வந்து, அவர் முகம் தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மற்றபடி, எனக்கு அவர்மேல் கோபமெல்லாம் ஒன்றும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.