தாடைக்கு வெச்ச எலும்பு

— மறுபடியும் இடுப்பைக் கீறணும்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருது டாக்டர்? எங்க அக்கா ஒரு மாசம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா. அப்ப எடுத்த எலும்பு எங்க போச்சு?

— அதை உங்க அக்காகிட்டயே கேளுங்க. நான் பத்திரமா வெச்சுத்தான் தெச்சேன். கரைச்சது அவங்க.

— எலும்பு என்ன சர்க்கரைக்கட்டியா, வாயில போட்டுக் கரைக்க?

— இங்க பாருங்க, பாதி வேலையில எழுந்து வந்திருக்கேன், கையுறைகூடக் கழட்டலை. சண்டை போட நேரமில்லை. இந்த எக்ஸ்ரேயைப் பாருங்க. கீழ்வரிசைப் பல்லு போயி பன்னெண்டு வருஷம். கழட்டி மாட்டுற பல்செட்டை வெச்சே ஓட்டியிருக்காங்க. தாடை தேஞ்சுபோயி விரல் கனம்கூட இல்லை. அதுல பல்லு நட ஸ்க்ரூ முடுக்கினா தாடையே உடையும். அதனாலதான் இடுப்பு எலும்பை எடுத்து வெச்சு மேடாக்கினேன். அது பிடிக்க நாலு மாசம். அதுவரைக்கும் பழைய செட்டு வாய்ப்பக்கமே போகக் கூடாது.

— இதை அன்னைக்கே என்கிட்டயும் சொல்லியிருக்கலாம்ல?

— அவங்ககிட்டயே அஞ்சு தடவை சொன்னேன். ஆபரேஷன் அன்னைக்கு ரெண்டு தடவை, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினப்போ மூணு தடவை. அஞ்சு தடவையும் நல்லா தலையாட்டினாங்க.

— எழுதிக் குடுத்தீங்களா?

— எதிர்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு எதுக்குங்க எழுதிக் குடுக்கணும்?

— சரி, இருங்க. அக்கா, இங்க திரும்பு. என்னைப் பார்த்துச் சொல்லு. பழைய செட்டைப் போட்டியா?

— போட்டேன்.

— எப்ப போட்ட?

— அஞ்சாவது நாள் காலையில. அதுக்கு முந்தி தொடலைடா, சத்தியமா.

— கேட்டீங்களா? அஞ்சாவது நாள். நாலு மாசம் இருக்கவேண்டியவங்க நாலு நாள் இருந்திருக்காங்க. ஒவ்வொரு வாய் மெல்லும்போதும் அந்தப் புது எலும்பு மேல இடி விழுந்திருக்கு.

— ஐயோ அக்கா. நான் கொத்தனாரு. ஈரம் காயாத தளத்து மேல செங்கல்லை அடுக்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஒருத்தன் அப்படிப் பண்ணினான்னு அவனை சைட்டை விட்டே துரத்தியிருக்கேன். என் வீட்டுலயே நடந்திருக்கு பாரு.

— இப்பவாவது புரிஞ்சா சரி. ஏம்மா, உங்களைத்தான் கேக்குறேன். நான் சொன்னதுல எது உங்களுக்கு விளங்கலை?

— சரிங்க.

— எது சரிங்க? பார்த்தீங்களா, அன்னைக்கும் இதேதான்.

— வீட்டுலயும் இப்படித்தான் டாக்டர். பின்னாடி நின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்ப மாட்டா. கதவைத் தட்டினா நான்தான் எழுந்து போகணும், இவ மகாராணியாட்டம் உக்காந்திருப்பா. மில்லுல முப்பது தறிக்கு நடுவுல நின்னு வேலை பார்க்கிறவ, அந்தத் திமிரு.

— அந்தத் திமிருக்கு நான் பலியாக முடியாது. இன்னொரு பக்கத்து இடுப்புல எடுக்கலாம், அதுதான் கடைசி. அதையும் இவங்க கெடுத்தா, இந்த ஜென்மத்துல இவங்களுக்குப் பல்லு நிக்காது. பேரு என்னோடதுதான் கெடும். சொன்ன பேச்சைக் கேக்காதவங்களுக்கு நான் கத்தி எடுக்கிறதா இல்லை. வேற டாக்டரைப் பார்த்துக்கங்க.

— அப்படி ஒரேயடியா சொல்லாதீங்க. அவ நல்லா மென்னு சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? அந்த செட்டு ஆடுது போல, பாதிச் சாப்பாட்டைக் கரைச்சுத்தான் குடிக்கிறா. கன்னம் ஒட்டிப்போச்சு. நாப்பத்தாறு வயசு, அறுபதுன்னு நெனைக்கிறாங்க.

— வருத்தமாத்தான் இருக்கு. ஆனா குத்தம் என்னோடதில்லை.

— அக்கா, என் மூஞ்சியைப் பாரு. இவரு உன்னைக் கைகழுவப் பார்க்கிறாரு. நீ பண்ணினது தப்பு. மன்னிப்புக் கேளு.

— நான் எதுக்குடா கேக்கணும்?

— நாலு மாசம் போடாதன்னு சொன்னதை மதிக்காம போட்டியே, அதுக்கு.

— நாலு மாசமா? பெட்டியில செட்டை வெச்சு என் கையில குடுத்தாரு. நாலு விரலைக் காட்டினாரு. நாலு நாள்னு நெனச்சேன். நாலு நாளும் பட்டினியா கெடந்து எண்ணிக்கிட்டிருந்தேன்.

— விரலைக் காட்டினப்போ வாயாலயும்தானே சொன்னேன்? நாலு மாசம்னு தெளிவா சொன்னேனே.

— தம்பி, அவரு என்னவோ சொல்றாரு. அவரு சொல்றது எதுவும் எனக்குத் தெரியலை. நீ சொல்றதுதான் தெரியுது, நீ என் முன்னாடி நின்னு பேசுற.

— என்னக்கா உளர்ற?

— தறிச் சத்தத்துல காது போயி ஆறு வருஷம் ஆச்சுடா. தெரிஞ்சா மில்லுல கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க, அதான் உன்கிட்டகூடச் சொல்லலை. உதட்டைப் பார்த்துத்தான் எல்லார் பேச்சையும் பிடிக்கிறேன். பிடிபடலைன்னா தலையை ஆட்டிடுவேன்.

— அக்கா.

— டாக்டர், அந்த மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்குங்க. ஒரு நாள்கூட நீங்க அதை இறக்கினதே இல்லை. இவ்வளவு நேரமா என்னைத்தான் திட்டுறீங்கன்னு தெரியுது. என்ன சொல்லித் திட்டுறீங்கன்னுதான் தெரியலை.