பன்னிரண்டு புள்ளி நான்கில் நிறுத்தியது நான்

வயது அறுபத்தேழு. மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் இயற்பியல் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். மனைவியுடன் வசிக்கிறேன். என்னை யாரும் வற்புறுத்தி அழைத்து வரவில்லை. நானாக வந்து, உதவி ஆய்வாளர் முன்பு சொல்லி எழுத வைப்பது இது.

இந்த வழக்கில் புகார் கொடுத்துள்ள டாக்டர் என் தங்கையின் மகன். எலும்பு முறிந்தவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் உடற்பயிற்சி சிகிச்சை தரும் நிலையம் நடத்துகிறார். நடக்க முடியாதவர்களை வீட்டிலிருந்து அழைத்து வர அங்கே ஒரு டீசல் வேன் உள்ளது. அதை ஆறு வருடமாக ஓட்டி வந்தவர்தான், அதன் டீசலைத் திருடியதாக இப்போது இந்தக் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டுள்ள ஓட்டுநர். நோயாளிகளுக்குக் குலுங்கக் கூடாது என்று அவர் மெதுவாக ஓட்டுவதால் ஒர்க்‌ஷாப்பில் அவரை 'நத்தை' என்று கூப்பிடுவார்கள்.

சக்கர நாற்காலிகளோடு ஏற்றத்தில் ஏற வேன் திணறியதால், சென்ற பிப்ரவரி மாதத்தில் டாக்டர் அதன் இன்ஜினை மாற்றியமைக்கச் சொன்னார். அந்த வேலையைச் செய்தவர் ஒர்க்‌ஷாப் நடத்தும் ஒரு பெண்மணி. எல்லோரும் அவரை 'போல்ட்டு அக்கா' என்பார்கள். அவர் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவை மாற்றி, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் ஒரு அளவு பெரிதாகப் போட்டார். வண்டியை எடுக்கப் போனபோது நானும் டாக்டருடன் போயிருந்தேன்.

"என்ன நத்தை, டர்போ போட்டாச்சு. இனிமேலாவது மூணாவது கியரைத் தொடுவியா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வண்டிக்குத்தானே போட்டீங்க அக்கா, எனக்கா போட்டீங்க?" என்றார் ஓட்டுநர்.

அதன் பிறகு வேனை ஓட்டிப் பார்த்ததில், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும் திரையில் முன்பு பதினைந்து என்று இருந்தது பதினாறு புள்ளி எட்டு என்று ஏறியிருந்தது. டாக்டருக்கு மிகவும் சந்தோஷம். அந்த அம்மா மட்டும் தலையை ஆட்டி, "அதை நம்பாதீங்க டாக்டர். பழைய இன்ஜெக்டர்னு நினைச்சுக்கிட்டு அது கணக்குச் சொல்லுது" என்றார்.

இது புரிய ஒரு உதாரணம் சொல்கிறேன். பாத்திரத்தில் எத்தனை கரண்டி தண்ணீர் ஊற்றினோம் என்று ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்கிறார். இடையில் கரண்டியைப் பெரிதாக மாற்றிவிட்டார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் எண்ணுவதில் பிழை இல்லை, ஆனால் தண்ணீர் அவர் சொல்வதைவிட அதிகம். வேனின் கணினியும் அப்படித்தான். அதற்குப் புதுக் கரண்டியின் அளவைச் சொல்லித்தர, ஒர்க்‌ஷாப் கருவியில் திருத்த சதவீதம் என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் நூறு என்று இருந்தது. சரியான எண்ணைப் போட வேண்டுமானால் டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, உள்ளே போன டீசலை அளக்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். நான் அளந்து தருகிறேன் என்று முன்வந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அதன்படி மார்ச் நான்காம் தேதி காலை பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பினோம். டீசல் நுரைக்கும். நுரை முட்டியதும் குழாய் தானாக நின்றுவிடும், ஆனால் டேங்க் நிறைந்திருக்காது. அதனால் ஓட்டுநர் வேனைப் பக்கவாட்டில் ஆட்டி, காற்று வெளியேறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கழுத்து வரை டீசல் தெரியும்படி நிரப்பினார். அதன் பிறகு இரண்டு நாள் அவருடன் வேனில் இருந்தேன். இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் ஓடியது. அதன் பிறகு ஐந்தாம் தேதி மாலை அதே பங்கில், அதே குழாயில் மறுபடி நிரப்பினோம். வேனின் திரை பன்னிரண்டரை லிட்டர் செலவு என்று காட்டியது. பங்கின் குழாய் பன்னிரண்டு புள்ளி நான்கில் தானாக நின்றது. இரண்டு எண்களையும் அருகருகே எழுதியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

ஓட்டுநர் அப்போது சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளக் கேட்கிறேன். "சார், நுரை இன்னும் அடங்கல. ஆட்டி ஊத்துனா ரெண்டு லிட்டருக்கு மேல பிடிக்கும். முதல் தடவ அப்படித்தானே ஊத்துனோம்?"

நான், "போதும் விடுங்க, கீழே வழியப் போகுது. கணக்குதான் சரியா வந்துடுச்சே" என்றேன்.

"சரிங்க சார். உங்களுக்குத் தெரியாததா" என்று அவர் மூடியைப் போட்டார்.

ஒரு பிள்ளையை முதல் தடவை செருப்போடு நிறுத்தி உயரம் அளந்து, அடுத்த தடவை செருப்பைக் கழற்றச் சொல்லி அளந்தால், இடையில் வளர்ந்தது தெரியாமல் போகும். இதை வகுப்பில் எத்தனையோ முறை நான் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்குப் பிடித்த விடை வந்ததும் அளப்பதை நிறுத்திவிட்டேன்.

அதன் பிறகு திருத்தம் தேவையில்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை ஒர்க்‌ஷாப்பிலும் ஒன்றை டாக்டரிடமும் கொடுத்தேன். போல்ட்டு அக்கா, "இன்ஜெக்டர் அஞ்சுல ஒரு பங்கு பெருசு சார். மீட்டர் எப்படிச் சரியா இருக்கும்? எனக்கு உறுத்துது" என்றார். அளந்தாகிவிட்டது என்றேன். "அளந்தது நீங்கன்னா நான் என்ன சொல்ல" என்று கருவியில் நூறையே விட்டுவிட்டார். டாக்டரிடம், இனி அந்தத் திரையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று சொன்னேன். அவர் நம்பினார்.

ஒன்பது வாரம் கழித்து டாக்டர் பெட்ரோல் பங்க் ரசீதுகளையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வேனில் ஊற்றியது நானூற்று ஆறு லிட்டர். செலவானதாகத் திரை சொன்னது முந்நூற்று முப்பத்தேழு. அறுபத்தொன்பது லிட்டர் எங்கே என்று ஓட்டுநரைக் கேட்டார். இன்ஜின் குடிக்கிறது என்று அவர் சொன்னதை டாக்டர் ஏற்கவில்லை. இருக்கைக்கு அடியில் வேன் கழுவும் ரப்பர் குழாய் ஒரு முழம் கிடந்தது. அது டீசல் உறிஞ்சும் குழாய் என்று ஆகி, புகாரும் ஆனது.

நேற்று முன்தினம் காலையில் ஓட்டுநரின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. "ரெண்டாவது தடவ எப்படி ஊத்துனோம்னு சார்கிட்ட மட்டும் கேளு, வேற எதுவும் கேக்காதேன்னு சொல்லி அனுப்பினாரு. எனக்கு ஒண்ணும் புரியல சார். உங்களுக்குப் புரியுதா?" என்றார். எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் அந்த அம்மாவிடம் சொல்லி, டாக்டரிடம் வேனைக் கேட்டு வாங்கி, முன்பு போலவே ஆட்டிக் கழுத்து வரை நிரப்பி, அதே பாதையில் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் அந்த அம்மாவே ஓட்ட நான் உடன் சென்று, நேற்று மாலை மறுபடியும் ஆட்டிக் கழுத்து வரை நிரப்பினோம். திரை பன்னிரண்டு புள்ளி ஆறு லிட்டர் செலவு என்றது. டேங்க் பிடித்தது பதினைந்து புள்ளி ஒன்று. போல்ட்டு அக்கா என்னைத் திட்டவில்லை. "நூத்தி இருபது போடட்டுமா சார்?" என்று மட்டும் கேட்டார். போட்டார். இப்போது திரை லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் என்று காட்டுகிறது. ஒன்பது வாரத்துக்குத் திரை சொன்ன முந்நூற்று முப்பத்தேழை இதே அளவில் உயர்த்தினால் நானூற்று நான்கு சொச்சம் வருகிறது. ரசீதுக்கும் அதற்கும் இரண்டு லிட்டருக்குள்தான் வித்தியாசம்.

அப்படியானால் ஒரு சொட்டுகூடத் திருடு போகவில்லையா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். இரண்டு லிட்டருக்குக் கீழே உள்ளதை என் அளவு காட்டாது. அதற்கு மேல் சொன்னால் மறுபடியும் எனக்குப் பிடித்த விடையைச் சொன்னவன் ஆவேன். ஆனால் புகாரில் உள்ள அறுபத்தொன்பது லிட்டர் இன்ஜினில்தான் எரிந்தது.

நேற்று இரண்டு அளவுத் தாள்களையும் டாக்டரிடம் காட்டினேன். அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு, "நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் மாமா, வேலையும் திரும்பக் கொடுத்துடறேன். நீங்க ஸ்டேஷனுக்கெல்லாம் போக வேணாம். நம்ம நிலையத்துப் பேரும் இருக்கு, உங்க பேரும் இருக்கு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் புகாரைத் திரும்பப் பெற்றால், பாவம் என்று விட்டுவிட்டார்கள் என்றுதான் தெருவில் பேசுவார்கள். ஓட்டுநர் மன்னிக்கப்பட்ட திருடராக வேன் ஓட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் இதை எழுத்தில் தர வந்தேன். இதனால் என் மேல் நடவடிக்கை ஏதும் வருமானால் அதற்கு ஆட்சேபணை இல்லை.

இதை எழுதும்போது ஓட்டுநரையும் இதே அறையில் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். "சார் வேணும்னு செய்யல, அதையும் எழுதிக்கங்க ஐயா" என்று அவர் உதவி ஆய்வாளரிடம் சொன்னார். அது அவர் சொல்வது. நான் வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மைதான். தெரிந்த மனிதர் பக்கத்தில் நின்று தெளிவாகச் சொல்லியும் நான் கேட்கவில்லை என்பதும் உண்மைதான். முதல் வரியை எழுதினால் இரண்டாவதையும் கட்டாயம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எழுதியிருக்கிறார்கள்.

இதை எனக்கு ஒரு முறை வாசித்துக் காட்டினார்கள். அதன் பிறகு நானே வாங்கி, எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து இன்னொரு முறை படித்தேன். சொன்னபடியே இருக்கிறது. எனக்குத் தெரிந்து இதில் பொய் இல்லை.

(ஒப்பம்)
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
உதவி ஆய்வாளர்