கோமளா டீச்சரின் கலப்பு நட்சத்திரங்கள்

பெருந்துறைப் பெண்களுக்குப் பள்ளி கட்டிக் கொடுத்து, அதில் பாடம் நடத்துவோரை அவ்வப்போது வீட்டுக்கும் அனுப்பி அருள்பாலிக்கும் தாளாளர், மில் முதலாளி, விழாத் தலைவர் உயர்திரு லட்சுமணசாமி அவர்களே! முன்வரிசையில் முறுக்கு மீசையோடு வீற்றிருக்கும் பெரியவர்களே! பாயில் அமர்ந்திருந்தாலும் பேச்சில் முந்தி நிற்கும் தாய்மார்களே! என்னிடம் யாப்பிலக்கணம் படித்தும் உயிரோடிருக்கும் மாணவிச் செல்வங்களே! தமிழாசிரியன் தம்பிதுரையின் தலைதாழ்ந்த வணக்கம்.

இந்த ஆண்டின் சாதனையைப் பேசப் பணித்தார்கள். பேசுகிறேன். நட்சத்திரங்களையே நிற்கவைத்து விசாரித்த பள்ளி நம் பள்ளி!

அறிவியல் ஆசிரியை கோமளா ஒன்பதாம் வகுப்பில் வானத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார். என்ன சொன்னார்? ஆதியில் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் இருந்தன என்றார். அந்தத் தூய வாயுவில் கல் உண்டா? மண் உண்டா? மாட்டுக்கு லாடம் அடிக்க இரும்புதான் உண்டா? இல்லை என்றார். நட்சத்திரங்கள் தம் வயிற்றுக்குள் கரியையும் பிராணவாயுவையும் இரும்பையும் சமைத்தன, வெடித்தன, வெளியே இறைத்தன. இறைந்தது பழைய வாயுவோடு கலந்து புதிய நட்சத்திரம் பிறந்தது. அதுவும் சமைத்தது, அதுவும் இறைத்தது. இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கலந்து கலந்துதான் நட்சத்திர மண்டலங்கள் செழித்தன, பூமியும் நாமும் பிறந்தோம் என்றார்.

இது குற்றமா? குற்றம்தான்! அன்று மாலை பண்ணையார் குமாரசாமி அவர்கள், ஆதியிலிருந்தே கலப்பில்லாத தம் குலப்பெருமையை விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மகள் ராசாத்தாள் குறுக்கே புகுந்தாள்.

"கலப்பே இல்லாம இருந்திருந்தா நம்ம ஊடு வாசலே இருந்திருக்காதுங்கப்பா. வெறும் வாயுதானுங்க!"

சிரிக்காதீர்கள் தாய்மார்களே, பண்ணையார் இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறார்.

மறுநாள் தாளாளர் அறையில் விசாரணை. ஆசிரியர்கள் சார்பில் நானும் நின்றேன்.

"ஏனுங்க டீச்சர், எங்க வம்சத்தையா கலப்புங்கறீங்க?" என்றார் குமாரசாமி.

"வம்சத்தைச் சொல்லலீங்க. நட்சத்திரத்தைச் சொன்னேனுங்க."

"நட்சத்திரம் எனக்குத் தெரியாதுங்களா? நம்முளுது ரோகிணி. அதுல என்னங்க கலப்பு?"

"அதுலயும் இரும்பு இருக்குதுங்க."

தாளாளர் தீர்ப்பு வழங்கினார். "ஆதியிலயே எல்லாம் இருந்துச்சுன்னு வகுப்புல சொல்லிப்போடுங்க அம்மணி. தீந்துது."

ஆகா! கோடானுகோடி ஆண்டு வேலையை ஒரே வாக்கியத்தில் முடித்த வேகத்தை என்னென்பேன்! கோமளா டீச்சரோ பாடப்புத்தகத்தை அவர் மேசைமேல் வைத்தார்.

"தப்புன்னு தெரிஞ்சே புள்ளைங்ககிட்ட சொல்ல மாட்டேனுங்க."

அன்றே வேலை போயிற்று. அவரை நம்பிப் படுத்த படுக்கையாய் ஒரு தாய் இருக்கிறார். இருக்கட்டுமே! நம் குலமானத்தைவிட அது பெரிதா?

ராசாத்தாள் மட்டும் பள்ளிக்கு வர மறுத்தாள். "டீச்சர் சொன்னதுல எது பொய்யின்னு சொல்லுங்கப்பா, போறேன்" என்றாள். குமாரசாமி பஸ் ஏறினார். கோவையில் ஒரு கல்லூரிப் பேராசிரியரைப் பிடித்து, டீச்சர் சொன்னது பொய் என்று சொல்லச் சொன்னார். பேராசிரியரோ, "டீச்சர் சொன்னது சரிதாங்க. உங்க ரத்தத்துல இருக்கிற இரும்புகூட ஏதோ ஒரு நட்சத்திரத்துல வெந்ததுதான்" என்றுவிட்டார்!

பிறகு யாரும் எதிர்பாராத காரியம் ஒன்று நடந்தது. திரும்பி வந்த மனிதர் நேரே கோமளா டீச்சர் வீட்டுக்குப் போனார். "தப்பு நம்ம மேலதானுங்க அம்மணி" என்றார். புகாரையும் திரும்பப் பெற்றார். அந்தப் பெருந்தன்மையை நான் கேலியின்றிக் கைகூப்பி வணங்குகிறேன்.

புகார் போயிற்று, கோபம் போயிற்று. வேலைநீக்கம் மட்டும் ஏன் போகவில்லை? தாளாளர் சொன்ன சொல்லை மாற்றுவதில்லையாம்! வாயு மாறியது, வானம் மாறியது, அண்டமெல்லாம் மாறியது. மாறாதது அவர் ஆணை ஒன்றுதானா? படித்ததை உள்ளபடி சொன்னவருக்கு இடமில்லாத கட்டடத்தைப் பள்ளிக்கூடம் என்று எந்த வாயால் சொல்வது?

என்னங்க? பண்ணையார் குமாரசாமியே எழுந்துவிட்டாரா? சொல்லுங்கள் ஐயா!

"டீச்சரைத் திரும்ப எடுத்துக்குங்க. எம் புள்ளைக்கு அவங்கதான் வேணும்!"

கேட்டீர்களா? தட்டுங்கள், இன்னும் பலமாகத் தட்டுங்கள்! இதோ, தாளாளரே என் காதருகே வருகிறார்.

"செரி, செரி, திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. மொதல்ல பேச்சை முடிங்க."

ஐயா, நடுவில் மைக் இருக்கிறது. ஊரே கேட்டுவிட்டது!

தூணோரம் நிற்கும் கோமளா டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்; கடைசி பெஞ்சில் நானும் வந்து உட்காருகிறேன். வாக்களித்த தலைவருக்கும், எழுந்து நின்ற தந்தைக்கும், சாட்சியான உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம்!