ஜூனிக்குத் தனித் தட்டு

— உள்ள வா கொரின். கதவத் திறந்து வச்சுக்கிட்டே நின்னா வீடு பூரா குளிர் ஏறுது.

— இல்ல டார்லா, வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போயிடறேன். உள்ள வர்ற மூஞ்சி எனக்கு இல்ல.

— மூஞ்சி இருக்கோ இல்லையோ, கையில சுடச்சுட ஒரு சட்டி இருக்கு. அதத் தூக்கிக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்ப? பூட்ஸ கழட்டிட்டு வா.

— கறியும் உருளைக்கிழங்கும்தான். வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு...

— சரிதான். இந்த ஊர்ல யாராவது செத்தாத்தான் வீட்டுக்குச் சட்டி வரும். இங்க யாரும் சாகல.

— அப்படிச் சொல்லாதீங்க டார்லா.

— வேற எப்படிச் சொல்றது? நேத்து மத்தியானம் போன் வந்தப்ப முதியோர் இல்லத்துல ஒருத்தருக்குச் சவரம் பண்ணிக்கிட்டு இருந்தேன். 'உங்க பொண்ணு ஜூனி மயங்கி உக்காந்துட்டா, ஆம்புலன்ஸ கூப்பிட்டிருக்கோம்'னாங்க. பாவம், அவர ஒரு கன்னத்துல நுரையோட விட்டுட்டு ஓடினேன். நல்லவேளை, பள்ளிக்கூடம் பின் தெருதான்.

— இப்ப எப்படி இருக்கா?

— மாடியில படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கா. இறங்கின சர்க்கரை சரியாயிடுச்சுன்னு ஆஸ்பத்திரியிலேருந்து சாயங்காலமே அனுப்பிட்டாங்க. உக்காரு. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காரு.

— முதல்ல இதக் குடுத்துடறேன். அப்புறம் உக்காரறேன்.

— என்ன அது? ... ஓ. அவளோட பை.

— நான் எடுத்தது. பழமிட்டாய் எல்லாம் அப்படியே இருக்கு.

— கேளு கொரின். டீச்சர் ஒரு மாதிரி சொல்றாங்க, ஜூனி ஒரு மாதிரி சொல்றா. உன் வாயால சொல்லு. என்ன நடந்துச்சு?

— வந்து... வகுப்பு விருந்து முடிஞ்சு, ஹாலோவீன் வேஷ ஊர்வலத்துக்கு எல்லாரையும் வரிசையில நிக்க வச்சிருந்தோம். வழக்கமான டீச்சர் லீவு, பதிலுக்கு வந்தவங்களுக்கு ஒரு பேரும் தெரியல. பெத்தவங்க சார்பா வகுப்புப் பொறுப்பு என்கிட்டதானே, அதனால எல்லாத்தையும் நானே பாத்துக்கிட்டேன். ஜூனி ஆந்தை வேஷம். இறக்கைய சரி பண்ணி விடலாம்னு தூக்கினேன், உள்ள இந்தப் பை தொங்குச்சு. தொறந்தா மிட்டாய்.

— சரி.

— சத்தியமா சொல்றேன் டார்லா, இந்தப் பொண்ணு சர்க்கரை வியாதிக்காரி, மிட்டாயத் தின்னா என்ன ஆகும்னுதான் தோணுச்சு. 'கண்ணு, இன்னிக்கு யாருக்கும் மிட்டாய் கிடையாது, உனக்கு சுத்தமா கிடையாது'ன்னு சொல்லி எடுத்து என் அங்கி பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்.

— அவ ஒண்ணும் சொல்லலியா?

— சொன்னா.

— என்ன சொன்னா?

— 'அது எனக்கு வேணும்'னா.

— ஒரு தடவையா?

— ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை சொல்லும்போது கண்ணுல தண்ணி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'எல்லாருக்கும்தான் வேணும் கண்ணு, நாம ஆசைய அடக்கிக்கணும்'னேன். வகுப்பே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம் அவ வாயே தொறக்கல.

— தொறக்க மாட்டா. நாலு பேர் முன்னாடி தன் வியாதியப் பத்திப் பேசுறதுன்னா அவளுக்குச் செத்துப் போகலாம் போல இருக்கும்.

— அந்த மிட்டாய்தான் மருந்துன்னு எனக்குத் தெரியாது. சர்க்கரை ஏறுறதுதான் ஆபத்துன்னு நெனச்சேன். இறங்குறதும் ஆபத்துன்னு தெரியாது.

— இறங்குறதுதான் உடனே ஆபத்து. ஆனா அவ ஊர்வலத்துல எவ்வளவு ஆடினாலும் அவ்வளவு வேகமா இறங்கியிருக்கக் கூடாது. அதுதான் எனக்குப் புரியல. விருந்துல என்னென்ன இருக்கும்னு நீ அனுப்பின சீட்ட நான் படிச்சேன். வாழைப்பழப் பேய், உலர்ந்த திராட்சையில கண்ணு. ஆரஞ்ச உரிச்சு மேல காம்பு மாதிரி செலரிக் கீரைத் தண்டு சொருகின பூசணிக்காய். பேரீச்சம்பழச் சிலந்தி. அது அத்தனைக்கும் சர்க்கரைக் கணக்குப் போட்டு பள்ளிக்கூட நர்ஸ்கிட்ட சொன்னேன். அதுக்குத் தகுந்த மாதிரிதான் சாப்பாட்டு நேரத்துல இன்சுலின் ஊசி போட்டாங்க. அவ அதத் தின்னிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.

— அவ அதத் தின்னல.

— ஏன்? வாழைப்பழம்னா அவளுக்கு உயிராச்சே.

— நான் குடுக்கல.

— என்ன சொல்ற?

— ஜூனிக்குன்னு தனித் தட்டு வச்சேன் டார்லா. வெள்ளரிக்காய், கொஞ்சம் பூசணி விதை, பாலாடைக்கட்டிய பேய் மாதிரி வெட்டினது. பழத்துலயும் சர்க்கரை இருக்கேன்னு எங்கயோ படிச்சேன். காலையில அஞ்சு மணிக்கே எழுந்து அந்த ஒரு தட்டுக்கு மட்டும் அரை மணி நேரம் செலவு பண்ணினேன். அவ பேர ஆரஞ்சுக் கலர்ல எழுதி ஒட்டினேன். ... ஏதாவது சொல்லுங்க. திட்டுங்க.

— இரு. தண்ணி குடிச்சுட்டு வர்றேன்.

— நான் போயிடட்டுமா?

— இருன்னேன்ல.

...

— எனக்கு ஒண்ணு சொல்லு. இந்த மிட்டாய் வேண்டாங்கிறது யார் யோசனை?

— என்னோடது. போன வருஷம் எங்க பொண்ணு பிரிட்டாவுக்கு நாலு பல்லுல ஓட்டை. ஹாலோவீன் மிட்டாய்ப் பையக் கட்டிலுக்கு அடியில வச்சுக்கிட்டு ஒரு வாரம் தின்னா. அப்பவே முடிவு பண்ணிட்டேன், அடுத்த வருஷம் வகுப்புல எல்லாம் வீட்டுல செஞ்சதுதான், நல்ல சாப்பாடுதான்னு. ஆனா பெத்தவங்க கூட்டத்துல பேசும்போது பிரிட்டா பல்லப் பத்திச் சொல்லல.

— என்ன சொன்ன?

— 'நம்ம வகுப்புல ஜூனின்னு ஒரு கொழந்தைக்குச் சர்க்கரை ஆகாது, அவளுக்காக நாம எல்லாரும் இதச் செய்வோம்'னு சொன்னேன். உடனே எல்லாரும் கை தட்டினாங்க. நீங்க அன்னிக்கு வேலையில இருந்தீங்க.

— ம். ரெண்டு வாரமா ஜூனி பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அடம் புடிச்சா. வயித்து வலின்னா, கால் வலின்னா. நேத்து ஆஸ்பத்திரியில வச்சுத்தான் சொன்னா, 'உன்னாலதான் எங்களுக்கு மிட்டாய் இல்ல'ன்னு பசங்க சொல்றாங்களாம்.

— கடவுளே.

— அவ யாருக்கும் மிட்டாய் வேண்டாம்னு சொல்லல கொரின். அவளே போன வருஷம் மிட்டாய் தின்னா. கணக்குப் போட்டு, ஊசி போட்டு, மத்தவங்க மாதிரி தின்னா.

— எனக்கு அந்தக் கைதட்டல் புடிச்சிருந்தது டார்லா. அதையும் சொல்லிடறேன், இல்லேன்னா மனசு ஆறாது. நாங்க இந்த ஊருக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு, கடையில ஒருத்தர் நின்னு பேச மாட்டாங்க. அந்தக் கூட்டத்துக்கு அப்புறம்தான் எல்லாரும் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. உங்களுக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். பண்ணல. நீங்க 'அதெல்லாம் வேண்டாம்'னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம்.

— சொல்லியிருப்பேன்.

— தெரியும்.

— கேளு, என் பங்கும் இருக்கு. அந்தச் சீட்டு வந்தன்னிக்கே உனக்குப் போன் பண்ணணும்னு நெனச்சேன். அவளுக்கு நாலு வயசுல இது வந்துச்சு. அன்னியிலேருந்து ஒவ்வொரு டீச்சருக்கும், ஒவ்வொரு அத்தைக்கும், ஒவ்வொரு பொறந்தநாள் வீட்டுக்கும் நான்தான் பாடம் நடத்திக்கிட்டு இருக்கேன். ஒரு தடவையாவது பேசாம இருப்போமேன்னு விட்டுட்டேன். சீட்ட ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டுப் படுத்துட்டேன். நேத்து ராத்திரி அவ பக்கத்துல உக்காந்து அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அடுத்த கூட்டத்துல எழுந்து எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். எடுத்தது நான், தட்டு வச்சது நான், ஜூனி எதையும் கேக்கலன்னு. வகுப்புப் பொறுப்பையும் விட்டுடறேன்.

— பொறுப்ப விடு, வச்சுக்க, அது உன் இஷ்டம். ஆனா ஜூனி பேர அந்தக் கூட்டத்துல இன்னொரு தடவை எடுக்காத. பசங்ககிட்ட மட்டும் சொல்லு, மிட்டாய் வேண்டாம்னது நான்தான்னு.

— சொல்றேன். நாளைக்கே போய்ச் சொல்றேன். ... அந்த நர்ஸ் மட்டும் சரியான நேரத்துக்கு ஜூஸ் கொண்டு வரலேன்னா நான் இன்னிக்கு யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியாது.

— ம்.

— அம்மா, பச்சை பென்சில் எங்க?

— மேஜை டிராயர்ல பாரு ஜூனி. கொரின் ஆன்ட்டி வந்திருக்காங்க பாரு.

— ஹாய்.

— ஜூனி, கண்ணு... நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். உன் பைய நான் எடுத்திருக்கக் கூடாது. நீ சொன்னத நான் காதுல வாங்கியிருக்கணும்.

— பரவால்ல ஆன்ட்டி. பிரிட்டாவத் திட்டினீங்களா?

— பிரிட்டாவையா? ஏன் கண்ணு, அவள ஏன் திட்டணும்?

— ஜூனி, பென்சில எடுத்துக்கிட்டு மேல போ.

— நான் சும்மாதான் கேட்டேன்...

— போம்மா.

...

— டார்லா, அவ என்ன சொல்றா? பிரிட்டா என்ன பண்ணினா?

— உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு ஒரு கொழந்தைக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அதனாலதான் இவ்வளவு நேரம் வாய மூடிக்கிட்டு இருந்தேன்.

— அவ ஏதாவது கேலி பண்ணினாளா? உன்னாலதான்னு சொன்னதுல அவளும் ஒருத்தியா? சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன்.

— அது இல்ல. கேளு. நர்ஸ் ஜூஸோட வந்தப்ப ஜூனி ஏற்கனவே பேசிக்கிட்டு இருந்தா.

— புரியல.

— ஊர்வலம் முடிஞ்சு வந்து கோட்டு மாட்டுற இடத்துல ஜூனி தரையில உக்காந்துட்டா. வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது. டீச்சர் பயந்து போய் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண ஓடிட்டாங்க. நர்ஸ் ரூம் கட்டடத்தோட அந்தக் கோடியில. நீ மத்த பசங்களோட இன்னும் வெளியில இருந்த. பக்கத்துல இருந்தது உன் பொண்ணு மட்டும்தான். டைனோசர் வேஷத்துல ஒரு வால் தெச்சுக் குடுத்தியே, பஞ்சு அடைச்சு?

— ஆமா. அது கிழிஞ்சு போய் வீட்டுக்கு வந்துச்சு. அதுக்குத்தான் நேத்து அவளத் திட்டினேன்.

— அது தானா கிழியல. உள்ள இருந்த பஞ்செல்லாம் எடுத்துட்டு கேரமல் மிட்டாயா அடைச்சு வச்சிருந்திருக்கா. தையலப் பல்லால கடிச்சுப் பிரிச்சு, ஒண்ணு ஒண்ணா காகிதம் உரிச்சு ஜூனி வாயில வச்சிருக்கா. 'மெல்லு, மெல்லு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாளாம். ஜூனி ஒருநாள் விளையாடும்போது சொல்லியிருக்கா போல, எனக்கு நடுக்கம் வந்தா இனிப்பு வேணும்னு. உன் பொண்ணு அத ஞாபகம் வச்சிருந்திருக்கா. டாக்டர் என்கிட்ட சொன்னார், அந்த நாலஞ்சு மிட்டாய்தான் காப்பாத்திச்சுன்னு.

— அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. நேத்து பூரா ரூமுக்குள்ளயே இருந்தா. நான் வாலப் பத்திக் கேட்டப்ப கூட...

— நான் ஓடி வந்தப்ப மிட்டாய்க் காகிதத்த எல்லாம் கையில இறுக்கி வச்சுக்கிட்டு நின்னா. என் கோட்டப் புடிச்சுக்கிட்டு, 'நான் மிட்டாய் ஒளிச்சு வச்சிருந்தத எங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு கெஞ்சினா. ஆம்புலன்ஸ் கதவ மூடுற வரைக்கும் அப்படி அழுதா கொரின், நான் முதல்ல ஜூனிக்காகத்தான் அழறான்னு நெனச்சேன்.