கடலைக்காட்டுக் கண்ணிகள் நான்கு

மண்ணின் மனமறிந்த மாண்பாளரே! தேநீர் தாமதமானால் மட்டுமே முகம் சுளித்து, முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் உணர்கருவி ஆய்வகத்தைக் கட்டிக்காத்த தொழில்நுட்ப உதவியாளர் நாகஜோதி அம்மையாரே! வணக்கம். தங்கள் புகழைத் தங்களிடமே சொன்னால் தடுத்துவிடுவீர்கள். ஆகவே அவையோரிடம் சொல்கிறோம், பேசாமல் அமர்ந்திருங்கள்.

அவையோரே! முன்பொரு மாசியில், கண்ணிவெடி தேடும் எங்கள் எந்திர வண்டி, ஆய்வகச் சோதனைத் திடலில் புதைத்த போலிக் கண்ணிகள் பன்னிரண்டையும் பிழையின்றிக் காட்டியது. மறுநாள் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் வருகை. அவர்கள் தலையசைத்தால்தான் திட்டம் தொடரும். நாங்கள் லட்டு வாங்கி வந்தோம். அம்மையார் தொடவில்லை.

காலையில் புதைத்து மாலையில் தேடுவது எங்கள் வழக்கம். குஜிலியம்பாறை மானாவாரி நிலத்தில் வளர்ந்தவருக்கு அது உறுத்திற்று. வெறுங்குழி ஒன்றைத் தோண்டி மூடி, வண்டியை விடச் சொன்னார். வண்டி கூவியது! பிறகு, அறுவடை முடிந்த தம் கடலைக்காட்டுக்கு அழைத்துச் சென்றார். காணவில்லை என்று நாங்கள் சல்லடை போட்டுத் தேடிய நான்கு போலிக் கண்ணிகளை, ஐப்பசியிலேயே அங்கே புதைத்து மழைக்கு விட்டிருந்தார். நான்கின் மேலும் வண்டி சத்தமின்றி ஏறி இறங்கியது. அதுவரை அது கண்டுபிடித்தது கண்ணியை அல்ல, கிளறிய மண்ணை!

"நாளைக்கு மட்டும் புதுக்குழியில காட்டிருவோமே, ஜோதிம்மா" என்றார் எங்கள் தலைவர் பேராசிரியர் இனிகோ.

"காட்டலாம் சார். வண்டிய நம்பிப் பின்னால ஒருத்தன் நடந்து வாரானே, அவன் காலுக்கு யாரு பதில் சொல்றது?"

மறுநாள் இனிகோ ஐயா அதிகாரிகளைக் கடலைக்காட்டுக்கே அழைத்துச் சென்று தோல்வியைக் காட்டினார். திட்டம் ஓராண்டு நின்றது. அந்த ஓராண்டும் எங்களில் சிலர் அம்மையாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை எண்ணி இன்று வெட்கப்படுகிறோம். உணர்கருவியை மாற்றி அமைத்தோம். மறு மாசியில், அங்கேயே கிடந்த நான்கையும் வண்டி காட்டியது. திட்டமும் திரும்பி வந்தது.

நேற்று, பணியின் கடைசி நாளில், ஒட்டிய உறை ஒன்றை அம்மையார் ஐயாவிடம் நீட்டினார்.

"நம்ம திடல்ல ஏழு புதைச்சிருக்கேன் சார். எடம் இதுல இருக்கு. ரெண்டு மழ போகட்டும், பெறகு தேடுங்க. அதுக்குள்ள உறையப் பிரிச்சிராதீங்க."

அருமை அம்மையாரே! நோயறியா உடலும் நிறைவறிந்த உள்ளமுமாய் நூறாண்டு வாழ்க! ஏழாவதும் அகப்படும் நாளில், உறையைப் பிரிக்கத் தாங்களே வர வேண்டும். அதுவரை அந்தத் திடலில் நாங்கள் பார்த்துத்தான் கால் வைப்போம்.

இன்றாவது லட்டை மறுக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையுடன்,
உணர்கருவி ஆய்வகப் பணியாளர்கள்,
திண்டுக்கல்.