நாலாம் படம்

அன்டைக்கு மேசையச் சுத்தி இருந்தது அஞ்சு பேர், புள்ள. இந்தச் சயரோகப் படப்புத்தகத்துக்கு நீங்க எழுதின முகவுரையில மூணு பேர்தான் இரிக்கு. பேரச் சொல்லுறன், எழுதிக்கங்க. சயரோகத்துக்குப் பொறுப்பா இருந்த டொக்டர் நல்லரெத்தினம். பள்ளிவாசல் நிருவாகத்துல இருந்த மரைக்கார் மீராசாஹிபு. சுகாதாரப் பரிசோதகர் செல்லத்தம்பி. படம் கீற பாண்டிருப்பில இருந்து வந்த குணம். அஞ்சாவது, அந்தப் படங்களுக்குத் தமிழ் எழுதிக் குடுத்த மைமூனா டீச்சர். அதுதான் நான். எழுபத்தொன்பதாம் வருஷம், எங்கட பள்ளிக்கூடத்து வாசிப்பு அறையிலதான் கூட்டம்.

கதிரைய இஞ்சால இழுத்துப் போடுங்க, வெயில் படும். ஓம், படியில இருந்து மண்வெட்டிக்குப் புடி போடுறவர் என்ட மருமகன் ஜவுபர். மகள் ஸாலிஹாட மாப்பிள. அவ மவுத்தாகி ஏழு வருஷம். எங்கட ஊர்ல மாப்பிளதானே பொண்டாட்டிட வீட்டுக்கு வாற. பொண்டாட்டி மவுத்தாகினா உம்மாட வீட்டுக்குத் திரும்பிருவான், இல்லாட்டி வேற கலியாணம் முடிப்பான். இவர் ரெண்டும் செய்யல்ல. மாமிய ஆர் பாக்கிற எண்டு இஞ்சயே இருந்திட்டார். எனக்கு மீன் வாங்குறதும் மருந்து எடுக்கிறதும் அவர்தான். கேக்கும், அவருக்கு நல்லாக் கேக்கும். கேக்கட்டும்.

என்ன வருத்தம், என்ன நோய் வந்து மவுத்தானா எண்டா கேக்கிறீங்க? பொறுங்க. வந்த வேலைய முதல்ல பாப்பம்.

பழைய படப்புத்தகத்தத் திருப்பி அச்சடிக்கப் போறீங்க. அதுக்கு என்ட கையெழுத்து வேணும். நல்ல தமிழ் எண்டு மேலிடத்துல சொன்னாங்களாம். ஓம், நல்ல தமிழ்தான். முப்பத்திரெண்டு வருஷம் படிப்பிச்சவள் நான், அந்தப் புத்தகத்துல ஒரு எழுத்துப் பிழை எடுத்துக் காட்டுங்க பாப்பம். காட்ட ஏலாது.

விரிங்க அத. முழங்கால்ல வெச்சு விரிச்சுப் புடிங்க, அந்த நாள் சுகாதாரத் தொண்டர்கள் வீட்டு வாசல்ல நிண்டு புடிக்கிற மாதிரி. ஒண்டாம் படத்துல என்ன? ஒராள் இருமுறார். ரெண்டுல கண்ட இடத்துல துப்புறார். மூணு, அவர் மெலிஞ்சிட்டார், சாறன் இடுப்புல நிக்குதில்ல. நாலு, பீடியோட இருந்து இருமுறார். அஞ்சு, சளியச் சிமிழில எடுத்துக்கிட்டு ஆசுபத்திரிக்குப் போறார். புரட்டுங்க, புரட்டுங்க. ஏழாவதுல ஒரு பொம்புள இரிக்கா, இல்லயா? என்ன செய்றா? புருஷனுக்கு மருந்துக் குளிசை குடுக்கிறா. பன்ரெண்டு படம் புள்ள, நோயாளி எல்லாம் ஆம்புள. இப்பதான் காணுறீங்களா? கொழும்பில படிச்சிட்டு வந்த நீங்க காணல்ல, ஊர்ச்சனம் எப்புடிக் காணும்?

குணம் அப்புடிக் கீறல்ல. அவர் கொண்டு வந்த நாலாம் படம் வேற. அடுப்படியில ஒரு பொம்புள குந்தியிருந்து முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு இருமுறா. சீலை தோள்ல இருந்து வழுவியிரிக்கு. முந்தானையில ரெண்டு சொட்டு ரத்தம். நல்லாக் கீறியிருந்தார், கண்ண எடுக்க ஏலாது.

மேசையில வெச்ச உடன எல்லாரும் மரைக்காரப் பாத்தாங்க. அவர்தானே மறிக்கிற ஆள் எண்டு நெனப்பு. அந்த மனுஷன் படத்தத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு என்ன சொன்னாரு? தம்பி, தலையில முக்காட்டப் போட்டு விடுங்க, சரியாப் போகும். அவ்வளவுதான் சொன்னாரு. அல்லாஹ்ட மேல ஆணை, அவ்வளவுதான்.

மறிச்சது நான். பள்ளிவாசல் முற்றத்துல, அவ்வளவு ஆம்புளைகளுக்கு நடுவுல வெச்சு இத விரிக்கப் போறீங்களா எண்டன். ரத்தம் துப்புற பொம்புள ஆருட பொண்டாட்டி, எந்தத் தெரு எண்டு அடுத்த நாளே பேர் வெச்சிருவாங்க எண்டன். கலியாணம் பேசி வெச்ச வீடுகள் இல்லயா, கலியாணம் முடிக்காத குமருகள் இல்லயா எண்டன். டொக்டர் தொண்டையச் செருமினார். இந்த வருத்தம் ஆண் பெண் பாக்காது டீச்சர், எண்டார். வருத்தம் பாக்காது டொக்டர், ஊர் பாக்கும் எண்டன். நல்ல மறுமொழி, இல்லயா? செல்லத்தம்பி சிரிச்சே போயிட்டார். எனக்கும் பெருமையாத்தான் இருந்த.

குணம் மட்டும் படத்துல இருந்து கைய எடுக்கல்ல. டீச்சர், இது எங்கட அம்மாவ நெனச்சுக் கீறினது எண்டார். அவர்ர அம்மா அப்புடித்தான் போனவவாம், கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டாம. அதுக்கு நான் என்ன சொன்னன் தெரியுமா? அப்ப உங்கட வீட்டுச் சுவர்ல மாட்டி வைங்க எண்டன்.

பாக்காதீங்க அப்புடி. சொன்னன்தான்.

அந்தாள் படத்தச் சுருட்டிக்கிட்டுப் போய், அடுத்த வாரம் இந்தப் பீடிக்காரனக் கீறிக்கிட்டு வந்தார். நான் தொண்டர்கள் கேக்க வேண்டிய கேள்வியையும் படத்துக்கு ஏத்த மாதிரித் திருத்தினன். முதல் பக்கத்துல இரிக்கு, வாசிங்க. சத்தமா வாசிங்க. வீட்டிலுள்ள ஆண்களில் எவருக்கேனும் மூன்று வாரங்களுக்கு மேல் இருமல் உண்டா? என்ட வசனம்.

நாப்பது தொண்டர்களக் கூப்புட்டு மூணு நாள் பயிற்சி. தேத்தண்ணி, பணிசு, சான்றிதழ். நான்தான் ஒவ்வொரு படத்தையும் காட்டிக் கேள்வி கேக்கப் பழக்கினது. ஒரு சொல் மாறினாலும் விடமாட்டன், திரும்பச் சொல் எண்டு நிப்பாட்டி வெப்பன். பொறகு வீடு வீடாப் போனாங்க. ஒரு வருஷத்துல அறுவத்தொரு நோயாளிகளக் கண்டுபுடிச்சாங்க. அம்பத்தெட்டு ஆம்புள. மிச்சம் மூணு பொம்புளைகளையும் ஆரும் கண்டுபுடிக்கல்ல, கட்டிலோட ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கிட்டு வந்த. அதுக்கு ஒரு கூட்டம் வெச்சு, மாலையெல்லாம் போட்டு, நம்மட பொம்புளைகள் வீட்டோட ஒழுக்கமா இரிக்கிறதால இந்த வருத்தம் அண்டுறதில்ல எண்டு மேடையில ஒருத்தர் கதைச்சார். ஊர் கைதட்டிச்சு. முன் வரிசையில இருந்து நானும் தட்டினன்.

கையெழுத்துக்கு அவசரப்படாதீங்க. வைக்க மாட்டன். குணத்தத் தேடிப் புடிச்சு அந்த நாலாம் படத்தக் கீறுவிச்சிட்டு, கேள்வியையும் மாத்திக்கிட்டு வாங்க, வைக்கிறன். இல்லாட்டி என்ட பேர வெட்டிட்டு அடிங்க. அச்சுக்குக் குடுத்தாச்செண்டா திருப்பி வாங்குங்க.

பழைய கதை எண்டு சொல்லாதீங்க புள்ள. கேளுங்க.

தொண்டர்கள்ல சபூறா எண்டு ஒருத்தி. என்ட கையால எழுத்துப் படிச்சவள். எண்பதாம் வருஷம், நோன்புக்கு முந்தின மாசம், இதே புத்தகத்தத் தூக்கிக்கிட்டு இஞ்ச வந்தா. கேள்விய ஒரு சொல் மாறாமக் கேட்டா. நான் இல்லெண்டன். பொய்யும் இல்ல, இந்த வீட்டுல இருந்த ஒரே ஆம்புள மருமகன், அவருக்கு ஒரு தடிமல் சளியும் இல்ல. எழுதிக்கிட்டு ஒழும்பினவள் அப்புடியே நிண்டா. அடுப்படிக்குள்ள இருமல். நிக்காத இருமல்.

டீச்சர், உள்ள ஆரோ இருமுறாங்க எண்டா. பச்ச வெறகு, புகை எண்டன். போவாள் எண்டு பாத்தா, போகல்ல. சளிய மட்டும் எடுத்துத் தாங்க டீச்சர், ஒருத்தருக்கும் தெரியாமக் கொண்டு குடுத்துருவன் எண்டா. கெஞ்சினா புள்ள. நான் அவள்ர கையில இருந்த புத்தகத்தப் பறிச்சு, இப்ப நீங்க விரிச்ச மாதிரி விரிச்சு, ஒவ்வொரு படமாக் காட்டினன். எங்க இரிக்கு பொம்புள, காட்டு எண்டன். இத எழுதினவளுக்கே படிப்பிக்க வந்தியா எண்டன். படிப்பிச்ச டீச்சரோட அவ எப்புடி எதிர்த்துக் கதைக்கிற? கண்ணத் தொடச்சுக்கிட்டு எறங்கிப் போனா.

ஏழு மாசத்துக்குப் பொறகுதான் ஸாலிஹாவ ஆசுபத்திரிக்குக் கொண்டு போன. எக்ஸ்ரே படம் புடிச்சுப் பாத்தா நெஞ்சு ரெண்டு பக்கமும் போயிட்டு. அவ்வளவு ஊசி போட்டும் புடிக்கல்ல. அவவுக்கு இருவத்திநாலு வயசு.

மருமகன் அந்த நேரம் இறக்காமத்துல வயல்காவல். வந்து கேட்டார், மாமி, ஊரெல்லாம் போன தொண்டர்கள் நம்மட வீட்டுக்கு வரல்லயா எண்டு. ஒருத்தரும் வரல்ல எண்டன். அத நம்பி, தொண்டர்கள அனுப்பின செல்லத்தம்பிட சேட்டுக் கழுத்த நடு ரோட்டுல வெச்சுப் புடிச்சு அடிக்கப் போனவர். இன்டைக்கு வரைக்கும் அந்த மனுஷனோட கதைக்கிறதில்ல.

மெதுவாக் கதைக்கிறதா? ஏழு வருஷமா மெதுவாத்தான் புள்ள கதைச்சன்.

மண்வெட்டியக் கீழ வெச்சிட்டார். இல்ல, கூப்பிடாதீங்க, நீங்க இரிங்க. செருப்பும் போடல்ல, பாருங்க. வாசலால எறங்கிப் போறார். ஒரு சொல் கேட்டிருந்தா, மறுமொழி வெச்சிருந்தன். கேக்கல்லயே.